அவசர இருக்கை

நகரத்துக்குப் போகும் பேருந்தில் ஏற இப்போதெல்லாம் டிக்கெட் போதாது, காரணமும் சொல்ல வேண்டும். யாருக்கு அவசரம் அதிகமோ அவருக்குத்தான் இருக்கை. கூடுவாஞ்சேரியில் ரெஜினா, கணவன் சவரிமுத்து ஐசியூவில் இருப்பதைச் சொன்னதும், ஓட்டுநர் இல்லாத அந்த வண்டி இன்டர்வியூவுக்குக் கிளம்பிய ஒரு பெண்ணை இறக்கிவிட்டு ரெஜினாவை ஏற்றிக்கொண்டது. அந்தப் பெண் முறைத்துக்கொண்டே இறங்கினாள்.

தாம்பரத்தில் ரெஜினாவின் இருக்கையில் எரிந்த பச்சை விளக்கு அணைந்தது.

"உங்கள் பயணம் இப்போது அவசரமில்லை. இறங்கவும்" என்றது முன்னாலிருந்த திரை.

"யோவ், வெளையாடுறியா? எங்க வூட்டுக்காரரு ஐசியூல கெடக்குறாரு!"

"மருத்துவமனைப் பதிவின்படி அவர் ஒன்பது பத்துக்கு இறந்துவிட்டார்."

வாசலில் அடுத்த ஆள் ஏறக் காத்திருந்தான். ரெஜினாவுக்கு அழுகை வரவில்லை. செருப்பைக் கழற்றித் திரையில் ஓங்கி ஓங்கி அடித்தாள்.

"செத்துட்டா நான் போய்ப் பாக்க வேணாமாடா? பொணத்த யாரு வாங்குவா, நீயா?"

திரை விரிசலோடு மினுங்கியது.

"இறுதிச் சடங்குப் பயணத்துக்கு நாளை காலை பதினொன்று இருபதுக்கு ஓர் இருக்கை உள்ளது. பதிவு செய்யவா?"