ரேடியேட்டருக்கு வைத்த பொட்டு

சாமி சிலையை இறக்குவது போல் இரண்டு கையாலும் பிடித்து, அந்தப் பழைய ரேடியேட்டரை நடுவர் மன்றத் தலைவர் முன்னே மேசைமேல் வைத்தான் தங்கராஜு. அதன் தலையில் மூன்று இடத்தில் சந்தனம், சந்தனத்தின் நடுவே குங்குமம்.

“இதான் புவான், அந்த அம்மா வேன்லேர்ந்து நான் கழட்டின பழசு. புதுசு போடலன்னு சொல்றது பச்சைப் பொய்.”

எதிரே இருந்த புனிதா அவனை எரித்துவிடுவது போல் பார்த்தாள். பகாவ் பக்கத்துத் தோட்டத்துப் பிள்ளைகளைத் தமிழ்ப்பள்ளிக்கு ஏற்றிப்போகும் வேன் அவளுடையது. ரேடியேட்டர் வேலை முடிந்து தங்கராஜு பட்டறையிலிருந்து எடுத்த மூன்றாம் வாரமே செம்பனைக் காட்டு நடுவில் கொதித்து நின்றது. எஞ்சின் போயிற்று, பாதிப் பிள்ளைகள் வேறு வேனுக்கு மாறிவிட்டார்கள்.

“பழைய ஓட்டையை அடைச்சு, கறுப்பு பெயிண்ட் அடிச்சு, புதுசுன்னு பில் போட்ட மூஞ்சிக்குப் பேச்சைப் பாரு!”

“பேசத்தானே கூப்பிட்டாங்க? வாயை மூடிக்கிட்டு உட்கார இது என்ன சாவு வீடா?”

பயனீட்டாளர் நடுவர் மன்றத்தில் விசாரணை மலாயில் நடந்தது. திட்டு மட்டும் தமிழில். முதல் விசாரணைக்குத் தங்கராஜு வரவே இல்லை, தீர்ப்பு அவள் பக்கம் போயிற்று. மனுப் போட்டு அதை ரத்து செய்யவைத்து, மறுவிசாரணைக்காக இன்று சிரம்பான் வந்திருக்கிறான். இதிலும் தோற்றால் எஞ்சின் செலவு அவன் தலையில். ஆனால் இங்கே வக்கீல் கூடாது, வாய்தான் வக்கீல். அந்தச் சரக்கு அவனிடம் மூட்டை மூட்டையாக இருந்தது.

ரேடியேட்டர், லோபாக்கில் ஒரு பழைய இரும்புக் கடையில் நேற்று பொறுக்கியது. சந்தனமும் குங்குமமும் அவன் வீட்டுச் சாமி மேடையில் எடுத்தது. பழசாகத் தெரியட்டும் என்று மேலே கொஞ்சம் எஞ்சின் ஆயிலும் தடவியிருந்தான். வேனிலிருந்த அசல் ரேடியேட்டரை, எஞ்சினைச் சரிசெய்த வேறொரு பட்டறைக்காரன் எப்போதோ குப்பையில் போட்டுவிட்டான். புனிதா கையில் பில் ஒன்றுதான்.

“அவசரத்துல வேலை முன்னப்பின்ன இருந்திருந்தாலும் தப்பு என்னுதில்ல புவான். ஞாயித்துக்கிழமை காலையில வேன் கண்டிப்பா வேணும்னு இந்தம்மா உயிரை வாங்கிட்டாங்க. ஸ்கூல் வேனுக்கு ஞாயித்துக்கிழமை என்னலா வேலை? ஊர் சுத்தவா?”

புனிதா பில்லைத் தலைவர் பக்கம் நகர்த்தி வைத்தாள்.

அவன் ‘புவான்’ என்று மரியாதையாக விளித்த தலைவர், ஒரு மலாய்க்கார அம்மையார், மூக்குக் கண்ணாடியை இறக்கி ரேடியேட்டரைப் பார்த்தார். “இந்த மஞ்சளும் சிவப்பும் என்ன?”

“எங்க வழக்கம் புவான். ஆயுத பூசை அன்னிக்கு வண்டி சாமானுக்கெல்லாம் பொட்டு வைப்போம். இது அந்தம்மா கையாலயே வச்சது. இதைவிட சாட்சி வேணுமா?”

“நானா வச்சேன்?” புனிதா எழுந்துவிட்டாள்.

“நீங்கதான்! பானெட்டைத் திறந்தப்பவே பார்த்தேனே.”

“முன்னாடி வேனை வச்சிருந்தவங்க வச்சதா இருக்கலாமே?” என்றார் தலைவர்.

“சான்ஸே இல்ல. வண்டியோட பதிவு கிராண்டைப் பாருங்க புவான், புதுசா வாங்கினதுலேர்ந்து இந்தம்மா ஒரே ஓனர்.”

வேனில் ஒழுங்காக அடைக்காத ஓட்டையை இங்கே அடைத்துவிட்ட திருப்தியில் சாய்ந்து உட்கார்ந்தான்.

“இங்க பொய்ச் சாட்சி சொன்னா என்ன ஆகும்னு தெரியும்தானே?” தலைவர் கேட்டார்.

“நல்லாத் தெரியும் புவான். அதான் அந்தம்மாவை நினைச்சா கவலையா இருக்கு.”

தலைவர் புனிதா பக்கம் திரும்பினார். “நீங்க என்ன சொல்றீங்க?”

காலையிலிருந்து கடுகடுவென்று இருந்தவள் முதல்முறையாகச் சிரித்தாள். தலைவரைப் பார்க்கவில்லை, தங்கராஜுவைத்தான் பார்த்தாள்.

“ஞாயித்துக்கிழமை வேன் எதுக்குன்னு கேட்டீங்களேண்ணே... குடும்பத்தோட சர்ச்சுக்குப் போவ.”