இலக்கமிட்ட முகங்கள்

வெள்ளிப் பதக்கத்தில் முகம் பதிக்கும் தகுதி மன்னர்களுக்கும் மகான்களுக்கும் மட்டுமே உண்டு. 1991இல் லண்டன் குட்மேய்ஸ் சிற்றம்பலமும் தபாலில் காசோலை அனுப்பி அந்தத் தகுதியைப் பெற்றார்.

தனியார் நிறுவனங்கள் வெளியிடும் நினைவுப் பதக்கங்களை இருபது வருடமாகச் சேர்த்தவர், தன் அறுபதாவது பிறந்தநாளுக்குத் தன் முகத்தையே அடிப்பித்தார். வெள்ளி டொலர் அளவு, வெள்ளி முலாம், நூறே நூறு. ஒவ்வொன்றிலும் ஓர் இலக்கம். விழாவுக்கு வந்தவர்களுக்குப் பரிசாகக் கொடுத்து, எந்த இலக்கம் யாருக்குப் போனது என்று கொப்பியும் எழுதி வைத்தார்.

இரண்டு மாதம் கழித்துக் கோயில் பொருளாளர் இராசநாயகம் ஒரு பையோடு வந்தார்.

"அண்ணை, உண்டியலைத் திறந்தம். உங்கட முகம் முப்பத்தேழு கிடக்கு. விழேக்கை நல்ல கனமான சத்தம், நாங்களும் காசெண்டுதான் நினைச்சம்."

"ஆரார் போட்டதெண்டு கொப்பி சொல்லும். சனத்துக்கு முன்னால வாசிக்கிறன்!"

"விடுங்கோ அண்ணை, சாமிக்குத்தானே போட்டவை."

"சாமிக்குப் போட என்ர முகம்தானோ கிடைச்சது?"

வெள்ளிக்கிழமைப் பூசை முடிந்ததும் சிற்றம்பலம் ஒலிவாங்கியைப் பிடித்தார். ஒவ்வொரு பதக்கமாக எடுத்துப் பெயர்களை வாசித்தார். ஷிப்ட் முடிந்து நேரே வந்திருந்த குணபாலன் தன் பெயர் வந்ததும் தலையைக் குனிந்துகொண்டான்.

மனைவி சிவனேஸ்வரி வந்து சால்வையைப் பிடித்து இழுத்தாள். "போதும், வாங்கோப்பா."

"நன்றி கெட்டதுகள்! கடைசி ஆளையும் வாசிச்சுப்போட்டுத்தான் வருவன்."

பையில் மிஞ்சிய பதக்கத்தை எடுத்தார். "இலக்கம் ஒன்று!" என்று முழங்கிவிட்டுக் கொப்பியைப் புரட்டினார்.

சனம் காத்திருந்தது. முதல் வரியில், அவருடைய கையெழுத்தில், சிவனேஸ்வரி என்று இருந்தது.