மரத்தில் ஒரு காயும் விடாமல்

“அக்கா, மரத்திலை ஒரு காயும் மிச்சம் விடக்கூடாது. முழுக்க ஜாம் ஆக்கிப்போடுங்கோ.”

கனடாவிலிருந்து வந்த நாள் முதல் கேதீஸ்வரன் இதையேதான் சொல்லிக்கொண்டிருந்தான்.

“உனக்கென்ன விசரே? அணிலுக்கும் ரண்டு விடவேணும். அடுத்த வருசமும் காய்க்கும்தானே,” என்றாள் மீனாம்பிகை, தாச்சியில் கொதிக்கும் மாம்பழக் கூழைக் கிண்டியபடி.

“இல்லையக்கா. ஜெயனியும் பிள்ளையளும் உங்கடை ஜாம் எண்டால் உயிரை விடுவினம். உடுப்பை விட்டிட்டெண்டாலும் ஜாமைக் கொண்டு போவன்.”

தம்பியின் மனைவிகூடத் தன் ஜாமுக்கு ஏங்குகிறாள் என்றதும் மீனாம்பிகைக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. கூழ் தெறித்து மணிக்கட்டைச் சுட்டதுகூடப் பெரிதாகத் தெரியவில்லை. தேங்காயெண்ணெயைத் தடவிக்கொண்டு மறுபடி கிண்டினாள். கையை எடுத்தால் அடிப்பிடித்துவிடும். கறுத்தக்கொழும்பான் மாம்பழத்தை அப்படி வீணாக்கலாமா?

யாழ்ப்பாணத்தில் வீடு பெண்பிள்ளைக்குத்தான். கலியாணத்தின்போது சீதனமாக எழுதிக் கொடுப்பார்கள். மீனாம்பிகைக்குச் செவ்வாய்க் குற்றம். வந்த சம்பந்தமெல்லாம் படலை வாசலோடு திரும்பிப் போயின. கலியாணமே இல்லையென்றான பிறகு சீதனம் ஏது? கொக்குவில் வீட்டை அம்மா மகன் பெயருக்கு எழுதிவைத்தாள். பிறகு பன்னிரண்டு வருடம் பாயோடு கிடந்த அதே அம்மாவைக் குளிப்பாட்டி, ஊட்டி, புரட்டிப் படுக்கவைத்தது மீனாம்பிகைதான். மகன் ஞாயிற்றுக்கிழமைகளில் வீடியோவில் வந்து கையசைத்தான்.

கண்ணை மூடுவதற்கு முதல்நாள் அம்மா அந்த வீடியோவில் சொன்னாள்: “தம்பி, வீட்டைக் கொக்கா மீனாம்பிகையின்ரை பேருக்கு மாத்திவிடு.” அவனும் “ஓமம்மா” என்றான்.

இப்போது அம்மாவின் முதலாம் வருட ஆட்டத்திவசமும் முடிந்துவிட்டது. அவன் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. மீனாம்பிகைக்கோ, தானாக வாய்விட்டுக் கேட்க நா எழவில்லை.

பீங்கானில் ஒரு சொட்டு விட்டுச் சரித்துப் பார்த்தாள். ஜாம் ஓடவில்லை. பதம் வந்துவிட்டது.

“அக்கா, நாளைக்குக் காலமை பக்கத்திலை திருநெல்வேலிச் சந்திக்கு ஒருக்கா வாங்கோ. பத்திரம் எழுதுற நொத்தாரிசிட்டை போகவேணும். அடையாள அட்டையையும் எடுங்கோ.”

“என்னத்துக்கடா?”

“வீட்டு உறுதிப் பத்திர விசயம். உங்கடை கையெழுத்தும் வேணும்.”

தாச்சியை இறக்கிவைத்துவிட்டு மீனாம்பிகை அழுதேவிட்டாள்.

“ஐயோ, என்னக்கா இது?”

“சந்தோசத்திலைதான்டா. வயது போன காலத்திலை ஆரோ ஒராளின்ரை வீட்டிலை ஒண்டிக் கிடக்கவேண்டி வருமோ எண்டு ராவு ராவாய்ப் பயந்தனான். வாய் திறந்து கேக்கவும் வெக்கமாய்க் கிடந்தது. நீ நல்லாயிருக்கவேணும், ராசா.”

கேதீஸ்வரன் போத்தல் மூடிகளைத் துடைத்துக்கொண்டிருந்தான். “சரி சரி, அதையெல்லாம் நாளைக்குக் கதைப்பம். மிச்சக் காயையும் பிடுங்குவமே?” என்றான்.

“நீ இரு. பழக்கமில்லாமல் மேலெல்லாம் மாங்காய்ப் பால் பட்டுப் பொங்கப்போகுது.”

கொக்கத்தடியை எடுத்துக்கொண்டு அவளே போனாள். வெயிலில் நின்று உச்சிக் கொப்புவரை பிடுங்கினாள். பழுத்ததை ஜாம் ஆக்கி, காயை வைக்கோலுக்குள் பழுக்க வைத்தாள். அன்று மட்டும் பதினெட்டுப் போத்தல் நிறைந்தது. இடுப்பு விட்டுப்போனது, ஆனாலும் பாட்டு முணுமுணுத்துக்கொண்டுதான் படுத்தாள்.

மறுநாள் காலை குளித்து, திருநீறு பூசி, தைப்பூசத்துக்கு உடுத்த சேலையையே உடுத்துக்கொண்டு தம்பியோடு போனாள். நொத்தாரிசின் அறையில் ஏற்கெனவே ஒரு இளம் கணவனும் மனைவியும் இருந்தார்கள். சாட்சிக்கு வந்த ஆட்களாக்கும் என்று நினைத்த மீனாம்பிகை, பாவம், வேலையை விட்டுவிட்டு வந்திருக்குதுகளே என்று அவர்களைப் பார்த்து நன்றியோடு சிரித்தாள்.

நொத்தாரிசு உறுதியை விரித்து வைத்தார். கண் கலங்கியதில் எழுத்தொன்றும் தெரியவில்லை. “முருகா” என்று சொல்லிக்கொண்டு, கண்ணில் பட்ட முதல் கோட்டில் பேனையை வைத்தாள்.

“அம்மா, பொறுங்கோ, அது வீட்டை விக்கிற உங்கடை தம்பி கையெழுத்து வைக்கிற இடம்,” என்று நொத்தாரிசு தாளைத் தன் பக்கம் இழுத்தார். “உதிலை இருக்கிற ரண்டு பேரும்தான் வாங்குற ஆக்கள், நீங்கள் கீழை, சாட்சி எண்ட இடத்திலை வையுங்கோ.”