டீ கேட்ட பாய்லர்

"எங்க ஃபேக்டரி பாய்லர் ஒருநாள் வாய்விட்டு டீ கேட்டுச்சு, தெரியுமா?"

கடற்கரைச் சாலை பெஞ்சில், ஓய்வுபெற்ற சகாயநாதன் ஆரம்பித்ததும் நண்பர்கள் சிரித்தார்கள். அவரோடு வேலை பார்த்த மார்ட்டினுக்கு மட்டும் வேர்த்தது.

"புளுகாதய்யா!"

"கேளுங்கப்பா. நாலு மெஷினுக்கு நாலு கம்ப்யூட்டர் சர்வர். அத்தனை மெஷின் மீட்டரும் ஒரே ஸ்க்ரீன்ல தெரியணும், முதலாளி பார்க்க வர்றாரு. நம்ம ஸ்க்ரீனோ ஒண்ணை இணைச்சா இன்னொண்ணைக் கழட்டி விட்டுடும். தெரியலைன்னா என் வேலை போச்சு!"

"அப்புறம்?"

"முதலாளி வந்தாரு. நாலும் ஒண்ணா ஜோரா ஓடுச்சு! திடீர்னு ஸ்க்ரீன்ல பாய்லர் கட்டத்துல, 'அழுத்தம் எட்டு, டீ இன்னும் வரலை'ன்னு வந்துச்சு. 'பாய்லருக்கே அறிவு வந்துடுச்சே'ன்னு முதலாளி அசந்துட்டாரு. எனக்கு ஆளுயர மாலை, பதவி உயர்வு!"

எல்லோரும் மார்ட்டின் பக்கம் திரும்பினார்கள். "நீங்களும் அங்கதானே இருந்தீங்க? நிஜமா?"

மார்ட்டின் தலையைச் சொறிந்தார்.

"நடந்துச்சுய்யா. மெஷினுக்கு ஒருத்தரா எங்களைப் பின்னாடி ஒளிச்சு வெச்சு, மீட்டரைப் பார்த்து ஸ்க்ரீனுக்கு எண்களைத் தட்டி அனுப்பச் சொன்னான் இவன். பாய்லருக்குப் பின்னாடி காலையிலேர்ந்து வெந்துக்கிட்டிருந்தவன் நான்தான். டீ மட்டும் இன்னிக்கு வரைக்கும் வரலை!"