ஸ்டூல் எங்க சார்?

"லேபிள் எங்க ஜெயசீலி?"

"ஸ்டூல் எங்க சார்?"

"நான் லேபிளைக் கேட்டுகினு இருக்கேன்."

"நானும் ஒரு வாரமா ஸ்டூலைத்தான் கேட்டுகினு கீறேன்."

"சுக்குக் காபி இருக்கிற எடத்துல விலை இல்ல. பல்லு விழுந்தாப்பல இருக்கு."

"காலு வீங்கி செருப்புகூட நுழைய மாட்டேங்குது சார்."

கேம்ப் ரோடு சூப்பர் மார்க்கெட்டில் காலை வியாபாரம் சூடுபிடிக்கிற நேரம். சூப்பர்வைசர் லோகநாதன் கத்தாமல் கத்திக்கொண்டிருந்தார். தலைமை அலுவலகத்திலிருந்து வந்த ஏரியா மேனேஜர் அனுப்பிரியா பக்கத்திலேயே நின்றதுதான் காரணம்.

ஜெயசீலி கைவேலையை நிறுத்தவில்லை. இரண்டு பிஸ்கட் பாக்கெட்டை ஒன்றாகச் சேர்ப்பாள். 'இலவசம் இலவசம்' என்று அச்சடித்த சிவப்பு டேப்பை ஒரு சுற்றுச் சுற்றுவாள். பல்லால் கடித்து அறுப்பாள். வாய் பாட்டுக்கு வாய், கை பாட்டுக்குக் கை.

"ஸ்டூல் இருக்குமே சார்? போட்டோ அனுப்பியிருந்தீங்களே, பார்த்தேனே" என்றாள் அனுப்பிரியா.

"இருக்கு மேடம். இவங்களே எங்கயாவது இழுத்துப் போட்டுட்டு நம்மளைக் கேப்பாங்க."

ஸ்டூல் எங்கே என்பது லோகநாதனுக்குத் தெரியும். கடையில் நின்று வேலை செய்கிறவர்களுக்கு உட்கார இடம் கொடுத்தே ஆக வேண்டும் என்று சட்டம் வந்த பிறகு கம்பெனி அனுப்பிய ஸ்டூல் அது. மாதத்துக்கு ஒரு நாள் பிஸ்கட் வரிசைக்கு வரும். போட்டோ எடுத்து அனுப்பியதும் மாயமாகிவிடும். அவரும் ஒரு காலத்தில் புடவைக் கடையில் வருஷக் கணக்காக நின்றவர்தான். நின்றால் கால் வலிக்கத்தான் செய்யும், அதற்கு என்ன இப்போது என்பது அவர் கட்சி.

"ஸ்டூலை விடுங்க மேடம். லேபிள் கம்பெனி சொத்து. தொலைச்சவங்களை இங்க வெச்சுக்க முடியாது. இன்னைக்கே மேடவாக்கம் பிராஞ்சுக்கு மாத்திடுங்க."

ஜெயசீலியின் கை நின்றது. பொழிச்சலூரிலிருந்து மேடவாக்கம் என்றால் பஸ் மாறி பஸ் ஏற வேண்டும். அங்கேயும் போய் நிற்கத்தான் வேண்டும்.

பில் கவுன்டரிலிருந்து நஃபீசா குரல் கொடுத்தாள். "அங்கயாவது ஸ்டூல் கீதா சார்?"

வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். லோகநாதனுக்குச் சுருக்கென்றது.

"தேடுங்க மேடம். எல்லாரும் பார்க்கட்டும்."

தட்டுகளில் ஒட்டியிருந்த விலைச் சீட்டெல்லாம் போய் இப்போது தீப்பெட்டி அளவில் குட்டித் திரைகள் வந்திருந்தன. அதைத்தான் லேபிள் என்கிறார்கள். ஒவ்வொன்றும் ரேடியோ அலையில் தன் பெயரைச் சொல்லிக்கொண்டே இருக்கும். கூரையில் பதித்த வெள்ளைப் பெட்டிகள் அதைக் கேட்டுக்கொண்டே இருக்கும். எது எங்கே கிடக்கிறது என்று போனில் ஒரு பச்சைப் புள்ளி காட்டிவிடும்.

"மனுஷங்க பொய் சொல்வாங்க மேடம், இது சொல்லாது. இவ பைக்குள்ள இருந்தாலும் காட்டிக் குடுத்துடும்."

"பையைக் கொட்டிக் காட்டட்டா சார்?"

"வேணாம்மா. மெஷினே சொல்லட்டும்."

அனுப்பிரியா போனைப் பார்த்தபடி நடந்தாள், ஜெயசீலி கூடவே போனாள். லோகநாதன் முன்னால் போய் வழி விலக்கினார். அரிசி மூட்டையைத் தாண்டினார்கள். எண்ணெய் வரிசையைத் தாண்டினார்கள்.

"பார்த்தீங்களா, எவ்ளோ தூரம் போயிருக்கு பாருங்க."

ஐஸ்கிரீம் பெட்டிக்கிட்டே வரும்போது அவர் அனுப்பிரியாவுக்குப் பக்கத்தில் நடந்தார். குடோன் கதவு வந்தபோது பின்னால் வந்துகொண்டிருந்தார்.

"மேடம், இது சில சமயம் தப்பாக் காட்டும்."

"இப்பத்தானே பொய் சொல்லாதுன்னீங்க?"

புள்ளி போய் நின்ற இடம் லோகநாதனின் அறை. பூட்டு தொங்கியது.

"உள்ள பழைய சாமான்தான் மேடம். ஒரே தூசு."

"தொறங்க சார்."

சாவியைச் சட்டைப் பையில் தேடினார், பேன்ட் பையில் தேடினார். அது அவர் கையிலேயே இருந்தது.

கதவு திறந்தது. அனுப்பிரியா போனில் எதையோ அழுத்தினாள். மூலையில் சுருட்டிப் போட்டிருந்த ஆடித் தள்ளுபடி பிளெக்ஸுக்கு அடியில் பச்சை விளக்கு ஒன்று மினுக் மினுக்கென்று கண்ணடித்தது.

ஜெயசீலி பிளெக்ஸை இழுத்தாள்.

ஸ்டூல்.

அனுப்பிரியா அதைக் கவிழ்த்துப் பார்த்தாள். உட்காரும் பலகையின் அடிப்பக்கத்தில் லேபிள் இருந்தது. 'சுக்குக் காபி 100 கிராம்'. விழுந்துவிடாதபடி குறுக்கும் நெடுக்குமாகச் சிவப்பு டேப் ஒட்டியிருந்தது. இலவசம் இலவசம் இலவசம்.

அவள் பார்வை டேப்பிலிருந்து ஜெயசீலியின் மணிக்கட்டுக்குப் போனது. அங்கே அதே டேப் உருளை வளையல் மாதிரித் தொங்கிக்கொண்டிருந்தது.

அனுப்பிரியா போனைக் கைப்பைக்குள் போட்டாள். ஸ்டூலை நிமிர்த்தி ஜெயசீலியின் பக்கம் நகர்த்தி வைத்தாள்.

ஜெயசீலி அதைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டாள், கோப்பை ஜெயித்தவள் போல. எண்ணெய் வரிசை வழியாக, அரிசி மூட்டை வழியாக நடந்தாள். என்ன ஏது என்று தெரியாமலேயே ஜனங்கள் வழிவிட்டார்கள். நஃபீசா பில் போடுவதை நிறுத்திவிட்டுக் கை தட்டினாள்.

பிஸ்கட் வரிசையில் ஸ்டூலைப் போட்டு, செருப்பைக் கழற்றி, காலை நன்றாக நீட்டி உட்கார்ந்தாள். இரண்டு பாக்கெட்டை மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள். பின்னாலேயே வந்து நின்ற லோகநாதனை நிமிர்ந்து பார்த்தாள்.

"அடுத்து இன்னா தேடலாம் சார்?"