ஆமையின் கடைசி நாள் உரை

அந்தக் காட்டுக்கு இரண்டு சபைகள். கீழ்ச்சபை ஏரிக்கரையில் கூடிச் சட்டம் போடும். அதில் தப்பு இருந்தால் தடுத்து நிறுத்துவதற்காகவே பாறை உச்சியில் மேல்சபை. அங்கே ஆமை ஆறு வருட உறுப்பினர்.

முதல் கோடையிலேயே ஒரு சட்டம் மேலே வந்தது. தண்ணீர் எல்லோருக்கும் போதாது, ஆகவே கிழக்கு ஊற்று இனி யானைகளுக்கு மட்டும்.

"ஆம் என்போர்?" என்றது சபைத் தலைவர் நாரை. பாறை அதிர்ந்தது.

"இல்லை என்போர்?"

ஆமைக்கு 'இல்லை' என்ற சொல் வாய் வரை வந்தது. எல்லோரும் திரும்பிப் பார்ப்பார்களே என்று தலையை உள்ளே இழுத்துக்கொண்டது. சட்டம் நிறைவேறியது.

ஓய்வு பெறுகிறவர் கடைசி நாளில் எவ்வளவு நேரமும் பேசலாம் என்பது மேல்சபை வழக்கம். ஆறாம் வருடம், அந்தக் கடைசி நாளில்தான் ஆமை முதன்முதலாக வாய் திறந்தது.

"அந்தச் சட்டம் தப்பு. நான் வளர்ந்தது அந்த ஊற்றில். அதில் எல்லோருக்கும் தண்ணீர் உண்டு."

உறுப்பினர்கள் கண்கலங்கி, எதிரே இருந்த கற்களைத் தட்டோ தட்டென்று தட்டினார்கள். "அருமையான உரை. அவைக் குறிப்பில் ஏறட்டும்" என்றுவிட்டு நாரை அடுத்த அலுவலுக்குப் போனது.

ஆமை மெல்லக் கீழே இறங்கியது. கிழக்கு ஊற்றைச் சுற்றிப் போட்டிருந்த வேலியோரம் ஒரு பெண்மான் நின்றிருந்தது.

"மேலே ஒரே ஆரவாரமா கேட்டுதே. வேலியை எடுக்கச் சொல்லிட்டாங்களா ஐயா?"

"இல்லம்மா. என்னை வழியனுப்பினாங்க."

"தண்ணி பத்தாதுன்னு பெரியவங்க நீங்க எல்லாருமே சொன்னீங்க. அதை நம்பித்தான், என் ரெண்டு குட்டியும் தாகத்துல செத்தப்பகூட நான் வந்து ஒண்ணும் கேட்கலை."

ஆமை தலையை உள்ளே இழுத்துக்கொண்டது.