கடைசி ஆளுக்குப் பின்னால்

கத்பர்ட் திரும்பிப் பார்த்தபோது அவருக்குப் பின்னால் சுமிந்திரா வந்துகொண்டிருந்தாள்.

அது சட்டப்படி நடக்கக்கூடாத விஷயம். டிரினிடாட்டின் வடக்கு மலையில் ஞாயிறுதோறும் அருவிக்கு ஏறும் எந்தக் கூட்டத்திலும் கடைசி ஆள் என்று ஒருவர் உண்டு. அவருக்குப் பின்னால் ஈ காக்கை இருக்கக்கூடாது. முடியாதவர்களைத் திருப்பி அனுப்புவதும் அவர் பொறுப்புதான். இந்தக் கூட்டத்துக்குக் கத்பர்ட். தீயணைப்புத் துறையிலிருந்து ஓய்வு பெற்றவர். பேச்சிலும் நடையிலும் அவசரமே கிடையாது.

"மிஸ் சுமிந்திரா! நீங்க எங்க இங்க?"

"அருவிக்கு."

அவளுக்கு மூச்சு வாங்கியது. பூப்போட்ட கவுனில் முழங்கால் வரை சேறு.

"திரும்பிப் போயிடுங்க மிஸ். ஹரிலாலுக்குத் தெரிஞ்சா என் தலையைத்தான் உருட்டுவான்."

ஹரிலால் கூட்டத்தின் தலைவன், சுமிந்திராவின் கணவன். காலையில் வேனை விட்டு இறங்கியதும், எல்லாரும் கேட்கும்படி, "இவ முட்டிக்கு இந்த மலையெல்லாம் ஆகாது" என்று சொல்லிவிட்டு, விசில் ஊதிக்கொண்டு முன்னால் போனவன். ஒவ்வொரு ஞாயிறும் இதையே சொல்வான். கூட்டமும் ஒவ்வொரு ஞாயிறும் சிரிக்கும்.

அந்த முட்டியை வைத்துக்கொண்டுதான் அவள் வாரம் முழுக்கச் சந்தையில் நின்றபடி கீரை விற்கிறாள். அப்போதெல்லாம் அதற்கு ஒன்றும் ஆவதில்லை.

கூட்டம் தொடங்கிய நாளிலிருந்து அவள் வராத ஞாயிறு கிடையாது. ஆனால் ஓர் அருவியைக்கூடப் பார்த்ததில்லை. மலையடிவாரத்தோடு சரி. இன்று பார்க்காமல் விடுவதில்லை என்று கிளம்பிவிட்டாள்.

"உங்களுக்குப் பின்னாடி ஆள் இருக்கக்கூடாதுல்ல?" என்றாள். "அப்ப எனக்குப் பின்னாடி வாங்க."

சொல்லிவிட்டு அவரைத் தாண்டி நடந்தாள்.

கத்பர்ட்டுக்கு வேறு வழியில்லை. கடைசி ஆள் யாரையும் விட்டுவிட்டுப் போக முடியாது. முணுமுணுத்துக்கொண்டே பின்தொடர்ந்தார்.

ஆற்றைக் கடக்கிற இடத்தில் பாசிக் கல் வழுக்கி, இடுப்பளவு தண்ணீரில் பொத்தென்று உட்கார்ந்தாள். அவர் கை நீட்டினார். "இப்பவாவது..." என்று ஆரம்பிப்பதற்குள் அவளே எழுந்துவிட்டாள்.

"குளிக்கத்தானே வந்தோம்" என்றாள்.

மூங்கில் காடு முடிந்தது. மேலே எங்கோ மணிக்குருவி இரும்பில் அடிப்பதுபோல் கத்தியது. அதற்குப் பிறகு இரண்டு பேருக்கும் பேச மூச்சு இல்லை.

கடைசி ஏற்றம் வெறும் ஈரப் பாறை. மேலே மரத்தில் கயிறு கட்டித் தொங்கவிட்டிருந்தார்கள். பாதியில் அவள் நின்றுவிட்டாள். முட்டி உண்மையாகவே வலித்தது. ஹரிலால் சொன்னதில் கொஞ்சம் நிஜம் இருக்கிறது என்று தெரிந்தபோது அவளுக்கு வந்த ஆத்திரம் கொஞ்சநஞ்சமல்ல.

"தள்ளுங்க!"

"எங்க பிடிச்சுத் தள்ளறது மிஸ்?"

"நெருப்புக்குள்ள இருந்து ஆளைத் தூக்கினவர்தானே நீங்க? அப்ப இடம் பார்த்தா தூக்கினீங்க?"

கத்பர்ட் கண்ணை இறுக மூடிக்கொண்டு தோளைக் கொடுத்துத் தள்ளினார்.

அவள் ஏறிவிட்டாள்.

எதிரே அருவி. கழுத்தை முழுக்கச் சாய்த்தால்தான் உச்சி தெரிந்தது. கேள்விப்பட்டதெல்லாம் இதில் கால்வாசிகூட இல்லை. அவளுக்கு அழுகை வந்தது, அழுதாள். அந்தச் சாரலில் யாருக்குத் தெரியப்போகிறது.

குளத்தில் கும்மாளம் போட்டுக்கொண்டிருந்தவர்கள் ஒவ்வொருவராகத் திரும்பிப் பார்த்தார்கள். சிரிப்பு நின்றது. யாரும் கை தட்டவில்லை. வா என்று ஒருவரும் கூப்பிடவில்லை.

கழுத்தளவுத் தண்ணீரில் நின்றிருந்த ஹரிலாலின் வாய் திறந்தபடியே இருந்தது.

"சுமி! நீ இங்க வந்துட்டா, அங்க அடுப்பை யார் பாத்துக்கறா?"

எல்லா முகத்திலும் அதே கேள்விதான் இருந்தது.

அடிவாரத்து ஆற்றங்கரையில் மூன்று கல்லைக் கூட்டி, பெரிய சட்டியில் வாத்துக் கறி கொதிக்காமல் ஒரு ஞாயிறும் போனதில்லை. உயிர் வாத்தைக் கொண்டுவந்து அங்கேயே அறுத்தால்தான் ருசி என்பது ஹரிலாலின் கொள்கை. அறுப்பது, இறகு பிடுங்குவது, புகையில் கண்ணைக் கசக்கிக்கொண்டு கிளறுவது எல்லாம் சுமிந்திரா. கூட்டம் இறங்கி வரும்போது கறி பதமாக இருக்கும். தின்றுகொண்டே, வாய் நிறையச் சோற்றோடு, அருவி எவ்வளவு உயரம் என்று கையைத் தூக்கி அவளுக்குக் காட்டுவார்கள். கறியையும் புகழ்வார்கள், அதில் குறைசொல்ல முடியாது.

சுமிந்திரா ஷூவைக் கழற்றாமல், கவுனோடு குளத்தில் இறங்கினாள். ஹரிலாலைக் கடந்து போய் நேராக அருவிக்கு அடியில் நின்றாள். தண்ணீர் அவள் தோளில் தடதடவென்று கொட்டியது.

நன்றாக நனைந்த பிறகு, முகத்தை வழித்துவிட்டு, அருவியின் இரைச்சலுக்கு மேல் எல்லாருக்கும் கேட்கும்படி கத்தினாள்:

"மூணு வாத்தும் வேன் பக்கத்துல புல்லு மேஞ்சுக்கிட்டு இருக்கு. கத்தி பையில இருக்கு. பசிக்கிறவங்க இறங்கலாம்!"